ஐந்தாவது நாட்டோடு சரி

துணி துவைக்கும் கடையில், சுழன்றுகொண்டிருந்த மெஷினுக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது மெஷின் நின்றிருந்தது. கணவர் ஈரத்துணிகளை அள்ளி, உலர்த்தும் மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். இது எந்த ஊர் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்தாள், அவையும் கைகொடுக்கவில்லை. மடியில் கிடந்த, பிளாஸ்டிக் உறை போட்ட தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நாற்பத்தேழாவது நாள். ஐந்தாவது நாடு. காலை ஒன்பது முதல் பத்தரை வரை, துணி.

"இதுக்கு மேல நான் வரல" என்றாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் அரை மணி நேரம்தான். காஞ்சதும் போயிடலாம்."

"துணியச் சொல்லல. பயணத்தச் சொல்றேன். நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

அவர் கையில் ஒரு காலுறையோடு நின்றார். அதன் ஜோடி எங்கே போனதோ தெரியவில்லை.

அவர் ஒரு பஸ் டிப்போவில் முப்பத்துமூன்று வருஷம் டூட்டி சார்ட் போட்டவர். எந்த டிரைவர் எந்த வண்டியில், எந்தக் கண்டக்டர் எந்த நேரத்தில் என்று கட்டம் கட்டமாக எழுதி ஒட்டுவதுதான் வேலை. டிப்போவில் எல்லோரும் 'சார்ட் சார்' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் தேட வேண்டியிருந்தது. அவள் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். இருவரும் மூன்று மாத இடைவெளியில் ஓய்வு பெற்றார்கள். ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் ஒரு உலகப் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவிட்டார். பசிபிக் பெருங்கடலை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று முடிவு. பதினொரு நாடு, நூற்றுநான்கு நாள். ஏழு பக்கத்துக்குச் சார்ட் போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு வந்தார்.

முதல் இரண்டு நாடுகள் நன்றாகத்தான் இருந்தன. கடலைப் பார்த்தால் அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாளுக்கு நான்கு இடம் என்றால் கடல்கூட ஒரு வேலையாகிவிடுகிறது. வரிசையில் நின்று, பெட்டியைத் திறந்து காட்டி, செருப்பைக் கழற்றி, மாட்டி, ஜன்னல் இல்லாத அறையில் படுத்து, விளக்கின் சுவிட்சைத் தேடி, மறுநாள் வேறொரு அறையில் அதே சுவிட்சை வேறொரு சுவரில் தேடி, அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மூன்றாவது நாட்டில் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று ஓடிவிட்டது. அன்றிலிருந்து அது நொண்டி நொண்டி, நடைபாதையெங்கும் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

நான்காவது நாட்டிலிருந்து ஐந்தாவதுக்கு வந்தபோது, நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டினார்கள். செவ்வாய்க்கிழமை மாலை கிளம்பி, அதே செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இறங்கினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு முழு நாள் சும்மா கிடைத்திருக்கிறது என்று, சார்ட்டில் ஓர் ஓரமாக அதற்கும் ஒரு கட்டம் போட்டு, ஒரு கலங்கரை விளக்கத்தையும் ஒரு காட்சிச்சாலையையும் சேர்த்துவிட்டார். விமான நிலையக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் அழுதாள். ஒரு செவ்வாய்க்கிழமையை எப்படியோ கடத்திவிட்டோம் என்று இருந்தவளிடம் அதையே இன்னொரு தடவை கொடுத்தால் என்ன செய்வாள்?

துணி துவைக்கும் கடையில் அவர் முதலில் சமாதானம் சொன்னார், பிறகு கோபப்பட்டார். அடுத்த மூன்று தீவுகளைப் பார்த்துவிட்டு இதே ஊருக்குத்தான் திரும்ப வருகிறோம், பன்னிரண்டே நாள், பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடு என்றார். அவளுக்குக் கடிக்கப் பல்லில் தெம்பில்லை. கோபமா என்று கேட்டார். இல்லை என்றாள். உடம்புக்கு ஏதாவதா என்றார். அதுவும் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே கோபமில்லை. இருபத்தெட்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்த கால் அது. இப்போது உட்கார வேண்டும் என்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, நொண்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் தனியாகப் போனார். தெருமுனை திரும்பும் வரை அதன் சத்தம் கேட்டது.

அவர்கள் தங்கியிருந்தது ஒரு வீட்டின் மாடி அறை. கட்டில், ஒரு மேஜை, கழுவுதொட்டி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அவள் படுத்தாள். அடித்துப் போட்டதுபோல் இரண்டு நாள் தூங்கினாள். நடுவில் எழுந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றாள், தண்ணீர் குடித்தாள், திரும்பப் படுத்தாள். மூன்றாம் நாள் விழித்தபோது கீழேயிருந்து சின்னச் சின்னதாக ஏதோ சுரண்டும் சத்தம் வந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு இறங்கினாள்.

கீழ்த்தளம் ஒரு பட்டறை. வீட்டுக்காரி பல்செட் செய்பவள். ஏறக்குறைய அவள் வயதுதான். மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊருக்குள் இருக்கும் பல் டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளுக்குப் பல் கட்டிக்கொண்டிருந்தாள். அலமாரி முழுக்க யார் யாருடைய தாடைகளோ வாயைத் திறந்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒருவருக்கொருவர் பாஷை தெரியாது. பல்செட்காரி ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். அவள் உட்கார்ந்தாள்.

அன்று முழுவதும் அங்கேயே இருந்தாள். இளஞ்சிவப்பு மெழுகை விளக்கில் இளக்கி, ஒவ்வொரு பல்லாக அதில் நட்டு, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டி, திறந்து மூடிக் கடிபார்ப்பதை வேடிக்கை பார்த்தாள். மதியத்துக்கு மேல், பல்செட்காரி மெழுகுக் கத்திக்காகக் கையை நீட்டுவதற்கு முன்பே கத்தி அந்தக் கைக்குள் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் கேட்கும் முன் கத்தரியைக் கையில் வைத்துப் பழகியவள். கை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டது.

அவளுடைய போன் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும். ஆனால் அது பேசும் தமிழ் மேடையில் மைக் பிடித்தவர் பேசுவதுபோல் இருக்கும். வீட்டுக்காரி ஏதோ கேட்டாள். போன் கணீரென்று, "தங்கள் கணவர் தங்களைத் துறந்து சென்றுவிட்டாரா?" என்றது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இல்லை, ஊர் சுற்றப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள். பிறகு ஏன் தனியாக இருக்கிறாய் என்று அடுத்த கேள்வி வந்தது. அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. தெரியாத ஊர், தெரியாத முகம், நடுவில் ஒரு போன்.

"கல்யாணமாகி முப்பத்துமூணு வருஷம்" என்றாள். "அவர் தூங்குறத நான் முழுசா பாத்ததே இந்தப் பயணத்துலதான்."

அது உண்மை. அவருக்கு அதிகாலை டூட்டி: நான்கு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டும், மதியம் பன்னிரண்டுக்கு முடியும். அவளுக்கு இரவு டூட்டி. அவர் கிளம்பும்போது அவள் ஆஸ்பத்திரியில் இருப்பாள். அவள் வரும்போது அவர் டிப்போவில் இருப்பார். அவர் திரும்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். மிச்சம் மாலையில் இரண்டு மணி நேரம். அதிலும் ஒருத்தர் அப்போதுதான் எழுந்த முகம், இன்னொருத்தர் தூங்கப்போகும் முகம். வீட்டில் பேச்சு பெரும்பாலும் துண்டுத் தாளில்தான் நடந்தது. காஸ் தீர்ந்துவிட்டது, தண்ணீர் மோட்டார் ரிப்பேர், தங்கச்சி போன் பண்ணினாள், குழம்பு அடுப்பு மேல். சண்டை போடக்கூட நேரம் வாய்க்கவில்லை. பார்த்தவர்கள், சண்டையே போடாத ஜோடி என்று கண்ணு வைத்தார்கள்.

நாற்பத்தேழு நாள் இருபத்துநான்கு மணி நேரமும் சேர்ந்திருந்தபோது அவளுக்கு ஒன்று தெரிந்தது. அவர் சும்மா உட்காரப் பயப்படுகிறார். அரை மணி நேரம் மிச்சமிருந்தால் உடனே ஒரு பூங்காவைக் கண்டுபிடிக்கிறார். எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தால், கோப்பையில் பாதி இருக்கும்போதே எழுந்துவிடுகிறார்.

தீவுகளிலிருந்து முதல் இரண்டு நாள் படங்கள் வந்தன. மரம், படகு, இன்னொரு மரம். கீழே நேரம் மட்டும் எழுதியிருந்தார். மூன்றாம் நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் மதியம் ஒரு குரல் பதிவு வந்தது. பதினோரு நிமிஷம். அவர் இத்தனை நேரம் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை. மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து போட்டுக் கேட்டாள்.

முதலில் தீவைப் பற்றிச் சொன்னார். பஸ் வரும் என்று போட்டிருந்த இடத்தில் பஸ் வரவில்லை. மூன்று மணி நேரம் ஒரு தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். போக இடமில்லை, பேச ஆளில்லை. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் இறங்கியது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் காலை டூட்டி யாரும் எனக்குப் போட்டதில்ல. சார்ட் என் கையிலதானே இருந்துச்சு. மேனேஜர் போட்டார்னு உன்கிட்ட சொன்னது பொய். நானேதான் எனக்குப் போட்டுக்கிட்டேன்."

மேற்கொண்டு சொன்னது தட்டுத்தடுமாறி வந்தது. கல்யாணமான மூன்றாவது வருஷம், இரண்டாவது குழந்தையும் ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே தவறிப்போன பிறகு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். விளக்கைக்கூடப் போட்டிருக்க மாட்டாள். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் மட்டும் என்று அதிகாலை டூட்டியை எடுத்தார். சீக்கிரம் படுத்துவிடலாம் இல்லையா? இரண்டு வாரம் இரண்டு மாதமாகியது. பிறகு மாற்ற வேண்டுமென்று ஒவ்வொரு மாதமும் நினைத்து, ஒவ்வொரு மாதமும் தன் பெயரை அதே கட்டத்தில் எழுதினார். முப்பது வருஷம்.

பதிவு முடிந்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளுக்கு அது புதிய செய்தியல்ல.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு கண்டக்டரின் மனைவி பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்தாள். மயக்க மருந்து கொடுக்கும் முன் நடுங்கினாள். இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் சார்ட் சாரின் மனைவி என்று தெரிந்ததும் அந்தப் பெண் நெகிழ்ந்துபோனாள். உங்கள் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன் சிஸ்டர், எங்களுக்குக் குழந்தை பிறந்தபோது அவரே கூப்பிட்டுக் காலை டூட்டியிலிருந்து எடுத்துவிட்டார், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று பார்த்துப் பார்த்துச் சார்ட் போடுவார் என்றாள். சொல்லிக்கொண்டே மயங்கிப்போனாள். இவள் கருவிகளை வரிசையாக எடுத்து வைத்தாள். ஊர் முழுக்க நேரம் பிரித்துக் கொடுத்தவர், தனக்கு மட்டும் இந்த நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த வாரம்தான், பகல் டூட்டி வேண்டுமென்றால் எழுதிக் கொடு என்று மேட்ரன் சொல்லியிருந்தாள். எழுதி வைத்திருந்த தாளை இவள் நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அதன் பிறகு யார் கேட்டாலும், இரவுதான் எனக்குச் சௌகரியம் என்று சொல்லிவிட்டாள்.

அவருக்குப் பதில் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டுமென்று இரண்டு தடவை போனை எடுத்து, இரண்டு தடவையும் கீழே வைத்தாள். மறுநாள் பட்டறையில் யாருடையதோ முன்பல் வரிசையைத் துணியால் துடைத்துக்கொடுத்தாள். வீட்டுக்காரி எதுவும் கேட்கவில்லை. போனும் மேஜையில் வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

ஆறாம் நாள் பிற்பகல் அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினாள். பட்டறைக்குள் நுழைந்தால், நாற்காலியில் அவர். கழுத்தில் ஒரு துண்டு. வாயைத் திறந்து வைத்திருந்தார். வீட்டுக்காரி டார்ச் அடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டாள். பாஷை தெரியாத மனுஷன், உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். மிச்ச இரண்டு தீவையும் விட்டுவிட்டு, கிடைத்த படகில் ஏறி வந்திருக்கிறார். நான்கு நாள் தாடி. சட்டையில் உப்புப் பூத்திருந்தது.

"இவர்தான் என் வீட்டுக்காரர்" என்றாள். போன் அதை எப்படிச் சொன்னதோ, வீட்டுக்காரி டார்ச்சை அணைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாடியில் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கேட்டாயா என்றார். கேட்டேன் என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு விழும் என்று காத்திருக்கும் பிள்ளைபோல் இருந்தது. திட்ட அவளிடம் சரக்கில்லை. எல்லாவற்றையும் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் மனசுக்குள்ளேயே திட்டித் தீர்த்திருந்தாள்.

"எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்" என்றாள்.

கண்டக்டர் மனைவியைப் பற்றிச் சொன்னாள். மேட்ரனைப் பற்றிச் சொன்னாள். கிழித்த தாளைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். அவர் அசையாமல் கேட்டார். தெருவில் ஒரு லாரி வந்து சரக்கு இறக்கிவிட்டுப் போனது.

"அப்ப ஏன் கேக்கல?"

அவள் யோசித்தாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"கேட்டிருந்தா மாத்தியிருப்பீங்க. சாயங்காலம் சாயங்காலம் வந்து எதிர்ல உக்காந்திருப்பீங்க. நான் என்ன பேசுறது? எனக்கும் தெரியாதுங்க."

அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா, களைப்பா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நோயாளிகள் முகத்தில் எதையும் படித்துவிடுபவள். இந்த முகத்தில் பழக்கமில்லை.

"குழந்தையப் பத்தி நாம ஒரு நாளும் பேசல" என்றார்.

"ரெண்டு" என்றாள் அவள்.

"ஆமா. ரெண்டு."

அவ்வளவுதான் பேசினார்கள். அதற்கு மேல் பேச அன்று இருவர் உடம்பிலும் தெம்பில்லை. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்தார். அவள் அவர் காலிலிருந்து ஷூவை இழுத்தெடுத்தாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து, காலுறை ஒட்டிப்போயிருந்தது. வெந்நீரில் நனைத்து மெல்லப் பிரித்து, மருந்து வைத்துக் கட்டினாள். கட்டி முடிக்கும் முன்பே அவர் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினார். அவள் ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அன்பு பொங்கி வந்தது என்று சொல்ல முடியாது. கோபமும் வரவில்லை. நீண்ட ஆபரேஷன் ஒன்று முடிந்து, கையுறையைக் கழற்றும்போது வருமே ஒரு வெறுமை, அது இருந்தது.

மறுநாள் காலை அவரே சொன்னார், வீட்டுக்குப் போய்விடலாம் என்று. மிச்சமிருக்கும் ஆறு நாடு? அது அங்கேயே இருக்கும், எங்கே ஓடிப்போகப் போகிறது என்றார். அவளுக்குக்கூட ஒரு கணம் பாவமாக இருந்தது. வேண்டுமானால் இன்னும் ஒன்றிரண்டைப் பார்க்கலாமே என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். சொன்னால் உடனே பேனாவை எடுத்துவிடுவார்.

விமானக் கம்பெனியின் அலுவலகத்தில் நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பயணத்தை ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். நோய், குடும்பத்தில் சாவு, வேலை, வேறு காரணம் என்று நான்கு கட்டம். அவர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுல போடுறது?"

"வேற காரணத்துல போட்டு, களைப்புன்னு எழுதுங்க."

அவர் எழுதினார். கவுண்ட்டர் பெண் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் பகல் விமானத்தில் இரண்டு இடம் இருந்தது, ஆனால் சேர்ந்தாற்போல் இல்லை. பதினான்காம் வரிசையில் ஒன்று, முப்பத்தொன்றாம் வரிசையில் ஒன்று. சேர்ந்து வேண்டுமென்றால் ஐந்து நாள் பொறுக்க வேண்டும். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பரவாயில்லை, நாளைக்கே போகலாம் என்றாள். வீட்டுக்காரிக்கு அவள் ஒரு சால்வை கொடுத்தாள். வீட்டுக்காரி அவள் தாடையைப் பிடித்து, வலமும் இடமும் திருப்பிப் பார்த்து, கடைவாயில் ஒரு பல் ஆடுகிறது, ஊருக்குப் போனதும் காட்டு என்று போன் வழியாகச் சொன்னாள்.

விமானம் மேற்கே போனதால் பகல் முடியவே இல்லை. ஜன்னலுக்குக் கீழே மணிக்கணக்காக ஒரே நீலம். முப்பத்தொன்றாம் வரிசையில், குறட்டை விடும் ஒரு பெரியவருக்கும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். வீட்டை நினைத்துப் பார்த்தாள். இனி ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டு, ஒரே நேரத்தில் படுக்க வேண்டும். இதுவரை யாரும் சொல்லித்தராத வேலை. அதை நினைக்கவே அலுப்பாக இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். தூக்கம் வரவில்லை.

ஏதோ தோன்றிக் கண் திறந்தபோது அவர் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார், கட்டுப்போட்ட காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"தூங்கலையா?"

"இல்ல. நீங்க?"

"எனக்கும் வரல."

குறட்டைப் பெரியவரின் தலைக்கு மேலே கையை நீட்டி, அவள் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சொல்ல எதுவும் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. விமானம் லேசாகக் குலுங்கியது. அவர் பிடியை இறுக்கிக்கொண்டார். பணிப்பெண் வந்து, எல்லோரும் இடத்தில் உட்கார்ந்து பெல்ட் போட வேண்டும் என்று சைகையால் சொல்லும் வரை அங்கேயே நின்றார். அதன் பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.